இல்லாத குறை

ஸ்கேனுக்குப் படுத்திருந்த கர்ப்பிணி எழுந்து வெளியே போய்விட்டாள், கருவியைத் துடைத்து மாட்டியும் ஆயிற்று, ஆனால் திரையில் அந்தச் சின்ன இதயம் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

எந்திரக் கோளாறு என்று டாக்டர் ராஜம்மாள் தன்னையே தேற்றிக்கொண்டாள். எண்பத்தாறாம் வருஷம் அம்மாபேட்டைக்கு அந்த எந்திரமே புதுசு. அவள் சொன்னதுதான் தீர்ப்பு. அந்தத் திமிர் அவளை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

போன ஆடியில் ஓமலூர்ப் பக்கமிருந்து மருதாசலம் தன் பெண்டாட்டி காளியாத்தாளைக் கூட்டி வந்தான். மூன்றாவதும் பெண். அது வேண்டாம் என்று அவன் தனியே வந்து கேட்டுக்கொள்ள, ராஜம்மாள் கூசாமல் அவளிடம் பொய் சொன்னாள்: தாய்மாமனைக் கட்டியதால் வந்த பரம்பரைக் கோளாறு, பிள்ளைக்கு மண்டையோடே உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது. சொந்தத்தில் கட்டிய எவள் அதை நம்பமாட்டாள்? கலைத்தபோது வந்தது ஒரு குறையுமில்லாத முழுப் பிள்ளை. காளியாத்தாள் அதைப் பார்த்துவிட்டாள். உதிரம் நிற்கவில்லை. சாகும்போது அவள் அழவில்லை, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்ன கொறைய உங்க கண்ணுக்குக் காட்டாம உடமாட்டனுங்க.”

இப்போது அடுத்ததாக வந்து படுத்தவள் ராஜம்மாளின் ஒரே மகள் பொன்னாத்தாள். ஏழு மாசம். கட்டியவன் வேறு யாருமில்லை, ராஜம்மாளின் சொந்தத் தம்பி. பேரப்பிள்ளையின் தலையை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது ராஜம்மாளுக்கு.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில் பகல் பதினோரு மணிக்கும் இருட்டு. டெட்டால் வாசத்துக்கு அடியில், எத்தனை கழுவியும் போகாத உதிர வாடை. சந்திலிருந்து வந்துகொண்டிருந்த தறிச் சத்தம்கூட எப்போதோ நின்றுபோயிருந்தது.

“அசையாம படு சாமி” என்று பசையைத் தடவிக் கருவியை வைத்தாள். தலை தெரிந்தது. உருண்டையாக, முழுசாக. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

விரல்கள். வளர்ந்த பெண்ணின் விரல்கள்.

கருவியை எடுத்தாள். படம் போகவில்லை. சுவிட்சை அணைத்தாள். போகவில்லை.

“அம்மா” என்றாள் பொன்னாத்தாள், வயிற்றைப் பிடித்தபடி. “உள்ளார யாரோ கொழந்தையத் தடவற மாதிரி இருக்குது.”

அந்தக் கை அவசரப்படவில்லை. பிள்ளையின் நெற்றியிலிருந்து மேலாக, மாக்கோலத்தை அழிப்பதுபோல, மண்டையோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது.