இரண்டாம் பக்கத்தில் ஒரு வீடு

"ஹலோ... வரிசைன்னு ஒண்ணு கீதுல்ல?"

ஜாய்ஸ் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த ஜெராக்ஸ் கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தவன் மட்டும் பார்க்கவில்லை.

"அண்ணாத்த, ரெண்டே தாளு. மழை வர்றதுக்குள்ள போயிடுவேன்."

"நான் மட்டும் இன்னா, மழைல நனையணும்னு வேண்டிக்கினு வந்தேனா?"

இப்போது திரும்பினான். கோபமாகத்தான் திரும்பினான், ஆனால் அவள் கண்களைப் பார்த்ததும் அந்தக் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பெரிய கண்கள்... எதற்கும் இமைக்காமல் நேராகப் பார்க்கிற கண்கள். அவனுடைய பார்வைதான் முதலில் தாழ்ந்தது.

கடைக்காரர் அப்பாசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "சண்டைய வெளிய வெச்சிக்கங்க. கரண்டு போச்சின்னா ரெண்டு பேருக்கும் இல்ல. குடுங்க ரெண்டையும்."

இரண்டு கட்டுகளையும் வாங்கி ஒரே மேசையில் வைத்தார். இரண்டு பிரதிகளையும் எடுத்து முடிக்கவும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. ஆனி மாதத்து மழை. தகரக் கூரையில் இரைச்சல் காதை அடைத்தது. சாலை மறைந்தது, பேருந்துகள் மறைந்தன, எதிரே இருந்த பழக்கடை வெறும் மஞ்சள் நிறமாகிக் கரைந்தது. அரை மணி நேரம் யாரும் அசைய முடியவில்லை.

அவள் கட்டின் மேலிருந்த கடிதத்தை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"எம்.எஸ்.டபிள்யூ. இன்டர்வியூவா? நாளைக்கா?"

"ஆமா."

"எனக்கும் அதே காலேஜ்தான். நாப்பது சீட்டு. எவ்ளோ பேரக் கூப்ட்டிருக்காங்க தெரியுமா?"

"தெரியும். அதுல ஒருத்தருக்கு வரிசைல நிக்கத் தெரியாது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அதையும் அங்க போய்ப் படிச்சிக்கலாம்னுதான்..."

ஜாய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பதை அவன் பார்க்கக் கூடாதே! பெயர் ஜெயக்குமார், திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், அப்பா காசிநாதன் விவசாயம், தான் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை என்று கேட்காமலேயே சொன்னான். மழை விட்டதும் காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"நாளைக்குப் பாப்போம்... வரிசைல."

கல்பாக்கம் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஈரக் காற்று. அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. என்ன இது, முன்பின் தெரியாத ஒருவனை நினைத்துக்கொண்டு... என்று தன்னையே அதட்டிக்கொண்டு காகிதங்களைச் சரிபார்க்க எடுத்தாள். நடுவில் ஒரு தாள் அவளுடையது அல்ல. 'நான் ஏன் சமூகப் பணி படிக்க விரும்புகிறேன்' என்ற கட்டுரையின் இரண்டாம் பக்கம். மேலே அவன் பெயர்.

படித்தாள்.

'புயலுக்குப் பின் கணக்கெடுப்புக்காகப் புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றேன். குடும்பத் தலைவர் வெல்டர். வேலை போனபின் பதினோரு மாதங்களாக அவர் வெளியே வரவில்லை. ஆந்திராவில் வேலை செய்வதாகத் தெருவில் சொல்லிவிட்டு, மனைவி சந்தையில் மீன் சுத்தம் செய்து கொடுத்து அவரையும், செங்கல்பட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் மகளையும் காப்பாற்றி வந்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை தேநீர் டம்ளரை நீட்டியது. நான் அதைத் தயங்காமல் வாங்கிக் குடித்தேன்...'

ஜாய்ஸ் அந்த வரிகளை மறுபடியும் படித்தாள். அந்த மகள் அவள்தான்.

பேர் இல்லை, பேர் எதற்கு? புதுப்பட்டினத்தில் யார் படித்தாலும் அது ஏசுதாஸ் வீடு என்று சொல்லிவிடுவார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அரசு மருத்துவமனை மாத்திரையும் அம்மாவின் பிடிவாதமும் அவரை எழுப்பி நிறுத்திவிட்டன. மறுபடியும் வெல்டிங் வேலைக்குப் போகிறார். அவர் ஆந்திராவிலிருந்து திரும்பியதாகத்தான் தெரு இன்றைக்கும் நம்புகிறது. அந்த ஒரு சொல்லில்தான் அந்த வீடு தலை நிமிர்ந்து நிற்கிறது. கணக்கெடுக்க வந்த பையனிடம், "இத மட்டும் எழுதாத தம்பி" என்று அம்மா கெஞ்சிக் கேட்டதையும், அவன் படிவத்தில் எழுதாமலேயே போனதையும் அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! "நல்லவங்க வூட்டுப் புள்ள" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள்.

படிவத்தில் எழுதவில்லை. விண்ணப்பத்தோடு கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிட்டான். அந்தக் கல்லூரி ஆண்டுதோறும் களப்பணிக்கு மாணவர்களை அனுப்புகிற ஊர்களில் புதுப்பட்டினமும் ஒன்று.

அன்று இரவு அந்தத் தாளை அவள் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

மறுநாள் நேர்காணல் கூடத்துக்கு வெளியே அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "என்னோட ஒரு தாளு உங்ககிட்ட..."

"கீது." நீட்டினாள். "இந்த வூடு எங்க வூடு."

அவனுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"பேரு போடல... சத்தியமா நான் தப்பா..."

"எங்க அம்மா உங்கள நம்பினாங்க. ஃபார்ம்ல எழுதாத நீங்க இதுல எழுதிட்டீங்க. போவட்டும். 'தயங்காமல் குடித்தேன்'னு எழுதிக்கீறீங்களே... எங்க வூட்ல டீ குடிச்சது அவ்ளோ பெரிய விஷயமாங்க? வேற யார் வூட்ல குடிச்சிருந்தாலும் இத எழுதியிருப்பீங்களா?"

அவன் தலை குனிந்தான்.

"நான் இப்ப இன்னா செய்யணும், சொல்லுங்க."

"அத என்னைக் கேக்காதீங்க. இனிமே என்கூடப் பேசவும் பேசாதீங்க."

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவன் அவள் பக்கம் பார்க்காமல் படியிறங்கினான். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடமிருந்த ஒரே உண்மையான பதில் அவனுடைய தாளில் இருந்தது. அதை விற்று ஓர் இடம் வாங்க அவளுக்கு மனமில்லை. நூலகத்தில் படித்த பதிலைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து நாளில் பட்டியல் வரும் என்றார்கள்.

காத்திருப்பது எத்தனை கொடுமை! காலையில் எழுந்ததும் செல்பேசியில் கல்லூரியின் இணையதளம். சோறு வடிக்கும்போதும் இணையதளம். "அதத் தேய்ச்சா சீட்டு வந்துடுமா?" என்று அம்மா செல்லம்மா கேலி செய்தாள். பட்டியலை நினைத்தாள், பட்டியலை நினைக்கும்போதெல்லாம் குனிந்த அந்தத் தலையும் நினைவுக்கு வந்தது. வெறுக்கத்தான் விரும்பினாள். வெறுப்பு முழுதாக வரவில்லையே என்பதில்தான் அவளுக்குக் கோபம்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்து அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் பைக் நின்றது. ஜெயக்குமார்!

அந்தத் தாளைப் பற்றி அப்பாவுக்கு எதுவும் தெரியாது...

"வா தம்பி!" செல்லம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "எவ்ளோ நாளாச்சு!"

"அம்மா... என்னைத் தம்பின்னு கூப்புடாதீங்க. நான் சாரோட பேசணும்."

ஏசுதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வீட்டில் யார் வந்தாலும், என்ன சொல்ல வந்தாலும், முதலில் உட்கார வேண்டும். நின்றபடி பேசும் பேச்சை அவர் காதில் வாங்கமாட்டார். அவன் உட்கார்ந்தான். எதையும் மறைக்காமல் சொன்னான். செல்லம்மாவின் கை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனது.

ஏசுதாஸ் நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தாளு வெச்சினுகீறியா?"

"இருக்கு சார்."

"படி."

படித்தான். தேநீர் வரி வந்ததும் நிறுத்திவிட்டான்.

"அதையும் படி."

படித்தான். தெருவில் எங்கோ ஒரு மீன் வண்டியின் ஹாரன் கேட்டு ஓய்ந்தது.

"அந்த டீய யாரு போட்டது தெரியுமா?" என்றார் ஏசுதாஸ். "செல்லம்மா உன்கூட உக்காந்து ஃபாரத்துக்குப் பதில் சொல்லிக்கினு இருந்தா. வூட்டுக்கு ஒரு ஆளு வந்துகீது, ஒரு வாய் டீ குடுக்க ஆளில்லையேன்னு எனக்கு உள்ள இருந்து தாங்கல. எழுந்தேன். அடுப்பப் பத்த வெச்சேன். பதினோரு மாசத்துல நான் செஞ்ச மொத வேல அது. நீ குடிச்சது பெருசு இல்ல தம்பி. நான் போட்டதுதான் பெருசு. அத நீ எழுதல."

ஜாய்ஸுக்கு இது தெரியாது. செல்லம்மாவுக்கும் மறந்துபோயிருந்தது. அவள் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். ஜெயக்குமார் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"எழுதினது தப்பு. ரொம்பத் தப்பு. ஆனா பைக்க வுட்டு எறங்கி, வாசல் வழியா வந்து, என் மூஞ்சப் பாத்துச் சொன்ன பாரு... போ. லிஸ்ட் வரட்டும்."

அவன் எழுந்தான். போகும்போது ஒரு முறை... ஒரே ஒரு முறை ஜாய்ஸைப் பார்த்தான். அன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் தாழ்ந்த அந்தப் பார்வையேதான். இந்த முறை அவள் கண்களும் தாழ்ந்தன.

பத்தாம் நாள் மாலை பட்டியல் வந்தது. செல்பேசியைச் சுற்றி மூன்று தலைகள். இருபத்தேழாவது பெயர், ஜாய்ஸ். செல்லம்மா "மாதாவே!" என்று கதறிவிட்டாள். ஏசுதாஸ் மகளின் தலையில் கை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை.

அவள் விரல் பட்டியலில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பையன் பேரு கீதா?"

"இல்லப்பா. காத்திருப்போர் பட்டியல்லகூட இல்ல."

ஏசுதாஸ் செல்பேசியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் அவன் வேல செய்யற எடத்துக்கு நேரா போயி, இன்னான்னு கேட்டுட்டு வா. நான் அனுப்பினேன்னு சொல்லு."

மறுநாள் மாமல்லபுரத்தில் மேகம் கடல்மேல் கவிந்திருந்தது. அவன் வேலை செய்யும் விடுதிக்குப் பின்னால் மணலில் வலைகளும் படகுகளும். சுற்றுலாப் பயணிகள், சங்கு விற்பவர்கள், எல்லோர் கண்ணிலும் படும்படி இருவரும் ஒரு படகின் இருபுறமும் நின்றார்கள்.

"கங்கிராட்ஸ்" என்றான்.

"எனக்காக விட்டுக் குடுத்தீங்களா?" அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா அந்த சீட்டு எனக்கு வேணாம். யார் போட்ட பிச்சையிலயும் நான் படிக்க மாட்டேன்."

"உங்களுக்காக இல்லீங்க." அமைதியாகச் சொன்னான். "உள்ள போனதும் சொன்னேன்... ரெண்டாம் பக்கத்துல இருக்கறது என்னை நம்பிச் சொன்ன விஷயம், அத எடுத்துடுங்கன்னு. எடுத்துட்டாங்க. 'சரி, வேற இன்னா அனுபவம் இருக்கு, சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. யோசிச்சிப் பாத்தேன். அந்தப் பக்கத்த எடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அதான் கெடைக்கல. நியாயம்தான்."

முதல் தூறல் விழுந்தது. இருவரும் நகரவில்லை.

"அடுத்த வருஷம்?"

"போடுவேன். அதுவரைக்கும் உருப்படியா ஏதாவது செய்யணும்." படகின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "இன்னொண்ணு... வூட்ல சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"உங்களப் புடிச்சிருக்குன்னு. கட்டிக்கணும்னு ஆசைன்னு. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு பொண்ணு... எல்லாத்தையும்."

ஜாய்ஸ் திகைத்து நிமிர்ந்தாள். "என்கிட்ட சொல்லாமயா? மொதல்ல உங்க வூட்லயா சொல்லுவாங்க! இன்னாங்க ஆளு நீங்க! இங்கயும் வரிசை தெரியலையா?"

அவன் சிரிக்கவில்லை. "எங்க அப்பா மூஞ்சப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கான்னு மொதல்ல தெரிஞ்சிக்கணும்னு நெனச்சேன். அது இல்லன்னா உங்ககிட்ட வர்ற யோக்கியத எனக்கு இல்ல. உங்க வூட்டு டம்ளர வாங்கினத பெருசா எழுதினவன் நான்..."

மழை வலுத்தது. அவள் கண்களில் நிறைந்தது மழையா, வேறா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உங்க அப்பா... இன்னா சொன்னாரு?"

"ரெண்டு நாள் என் கையால தண்ணிகூட வாங்கல. நேத்து ராத்திரி, 'அவங்க அப்பா எப்படிப்பட்ட ஆளு'ன்னு கேட்டாரு. 'என்னை உக்கார வெச்சிட்டுத்தான் கண்டிச்சாரு'ன்னு சொன்னேன். வேற ஒண்ணும் பேசல. எழுந்து போயிட்டாரு." பெருமூச்சு விட்டான். "சம்மதம்னு சொல்லல. முடியாதுன்னும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் காத்துக்கினு இருப்பேன். அது இப்ப பழகிடுச்சி. உங்க அப்பாகிட்ட மட்டும் நானே வந்து..."

"வேணாம்."

அவன் முகம் வாடியது.

ஜாய்ஸ் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவை நினைத்தாள். ஆந்திராவை நம்பும் தெருவை நினைத்தாள். இந்த மனிதனின் தகப்பனார் ஒருநாள் வந்து அந்த நாற்காலியில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம் என்று நினைத்தாள். ஆனாலும் அவள் கண்கள் இமைக்காமல், நேராக, அவனைப் பார்த்தன.

"நீங்க வந்து சொல்ல வேணாம். எங்க அப்பாகிட்ட நானே சொல்றேன்... எனக்கும் உங்களப் புடிச்சிருக்குன்னு." குரல் தணிந்தது. "எனக்கும் அந்தத் தைரியம் இருக்கான்னு நான் பாத்துக்க வேணாமா?"

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், மழையிலேயே பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள். ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தால் அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருக்கலாம்.