புறா என்று கேட்டால் நல்ல ஹெட்போன்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் ஆனந்தனின் பழைய மாடி வீடு இருக்கிறது. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு அங்கே போய் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். பேய் என்றால் நடுநிசியில் நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு நேர்ந்தது பட்டப்பகலில், கீழ் வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

என் பெயர் பிரபா. செய்யூர்க்காரி. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வீட்டிலிருந்தபடியே கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என்னிடமிருந்த ஹெட்போன் எதைக் கேட்டாலும் குடத்துக்குள் பேசுவதுபோல ஆக்கிவிடும். பதினைந்தா ஐம்பதா என்று ஒரு மருந்தின் அளவு புரியாமல் நான்கு முறை ஓட்டிக் கேட்ட நாளன்று, புதிதாக ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஆனந்தன் ஹெட்போன் வியாபாரி. வருகிறவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டு வாங்குவதற்காக, மாடியில் ஓர் அறையை ஒதுக்கி வைத்திருந்தான். பொத்தேரி விடுதிகளிலிருந்து மாணவர்கள் கூட்டமாக வந்து போவார்கள். தை பிறந்ததும் எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அன்றுவரை அவரை நான் 'அவர்' என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது 'அவன்' போதும்.

என் தம்பி சீனுவின் கூட்டாளி அவன். இருவரும் இயற்கைச் சத்தங்களைப் பதிவு செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வேடந்தாங்கலில் பறவை, மதுராந்தகத்தில் மழை என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். மூன்று வருஷத்துக்கு முன், மார்ச் பதின்மூன்றாம் தேதி விடியற்காலையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாறைக் கரையில் சீனுவைக் கடல் கொண்டுபோனது. தான் டீ வாங்கப் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபோது செருப்பு மட்டும் கிடந்ததாகவும், பதிவுக் கருவியும் அலையோடு போய்விட்டதாகவும் ஆனந்தன் சொன்னான். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் எங்களோடு கரையில் உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று நாளை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டச் சம்மதித்தேன்.

மாடி அறையில் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பான்ஜ் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் தெரு காணாமல் போனது. என் மூச்சு எனக்கே கேட்டது. சத்தம் கெடக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டான். மேஜைமேல் நான்கு ஹெட்போன்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, அதைத்தான் சவுண்ட் சிக்னேச்சர் என்பார்கள் என்று விளக்கினான். ஒன்று கனமான பேஸைத் தூக்கிக் காட்டும், ஒன்று கீச்சென்ற ட்ரெபிளை. எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி கொடுப்பதுதான் எனக்குச் சரிப்படும் என்றான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் நான்கிலும் ஒரே சத்தத்தைக் கேட்க வேண்டும். அதற்காக எல்லோருக்கும் அவன் போட்டுக் காட்டுவது 'அலை' என்ற நான்கு நிமிடப் பதிவு. வெறும் கடல். இணையத்தில் வாங்கியது என்றான்.

"இத வச்சித்தான் பசங்க டெஸ்ட் பண்ணுவானுங்க," என்று சிரித்தான். "சிநேகான்னு அதுல ஒரு பொண்ணு நெட்டுல எழுதிப் போட்டுச்சு. மட்டமான ஹெட்போன்னா அலை மட்டும்தான் கேக்கும், சுமாரா இருந்தா 'றா'ன்னு கேக்கும், 'புறா'ன்னு முழுசா கேட்டா அது நல்ல ஹெட்போனாம். கடல்ல ஏது புறா? எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல."

என் கை மேஜைமேல் அப்படியே நின்றது.

சிறுவயதில் சீனுவுக்குப் பிரபா என்று சொல்ல வராது. புறா என்பான். வளர்ந்த பிறகும், அம்மா பக்கத்தில் இல்லாதபோது, என்னைச் சீண்டுவதற்கென்றே அப்படிக் கூப்பிடுவான். எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனந்தனுக்கும் தெரியாது. தற்செயல்தான் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

முதல் ஹெட்போனை மாட்டினேன். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி அலை நெஞ்சில் வந்து இடித்தது. வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் நுரை மணலில் அடங்குவது கேட்டது, சவுக்குத் தோப்பில் காற்று கேட்டது. இதமாக இருந்தது. இதையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. கிளம்பியிருந்தால் இன்றைக்கு அவன் பெண்டாட்டியாக இருந்திருப்பேன்.

மூன்றாவது கொஞ்சம் கூர்மை. பாறையில் ஏதோ பிளாஸ்டிக் கேன் மோதும் சத்தம், டொக், டொக் என்று. அதற்குப் பின்னால், இரண்டு அலைகளுக்கு நடுவில் ஏதோ கேட்டது.

றா.

அறையில் கடல் வாசனை வந்தது. காய்ந்த கருவாட்டு வாசனை இல்லை. ஈரத் துணியும் பாசியும் கலந்த வாசனை.

நான்காவது ஹெட்போனை எடுத்தேன். உள்ளதை உள்ளபடி கொடுக்கும் என்று அவன் சொன்னது அதைத்தான். அதற்குள் கூரியர்காரன் கீழே வந்து போனில் கூப்பிடுவதாகச் சொல்லி ஆனந்தன் இறங்கிப் போனான். நானே பதிவை முதலிலிருந்து ஓட விட்டேன்.

அலை. நுரை. கேன்.

பிறகு, காதுக்கு ஒரு சாண் தூரத்தில், மூச்சு வாங்கியபடி ஒரு குரல்.

"புறா..."

என் தம்பி.

கழற்ற வேண்டும் என்று கை போனது. கழற்ற முடியவில்லை. மூன்று வருஷமாக அந்தக் குரலுக்காக எத்தனை கோயில் ஏறியிருப்பேன், எப்படிக் கழற்றுவேன்?

"புறா, அவன் டீக்கடைக்குப் போகல. இங்கயேதான் நின்னுகினு கீறான்."

அப்புறம் அலை மட்டும்தான்.

கழற்றியபோது காது மெத்தை இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. வியர்வை என்றே நினைத்து, உதடுவரை வழிந்ததைத் துடைத்தேன். கடல் தண்ணீர் கரித்தது.

லேப்டாப்பில் 'அலை' கோப்பின் விவரத்தைத் திறந்தேன். தட்டச்சுக்காரிக்கு அது ஒரு நொடி வேலை. பதிவான நாள், மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்ச் பதின்மூன்று. காலை ஆறு பத்து. பக்கத்திலேயே அதே நேரத்தில் இன்னொரு கோப்பு, வெட்டாத முழுப் பதிவு. பதினோரு நிமிடம்.

கடலோடு போனதாகச் சொன்ன கருவி.

ஆனந்தன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. கேட்க வேண்டியது நூறு இருந்தது. என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"நீ எங்க இருந்த?"

அதுவரை அவனை 'நீங்க' என்றே பேசிய வாய். அந்த 'நீ'யிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, ஸ்பான்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கரையில் மைக்கை நட்டுவிட்டு அவன் ஹெட்போனோடு நின்றிருக்கிறான். பாறையில் கேன் மோதிப் பதிவு கெடுகிறது என்று அதை எடுக்கச் சீனு தண்ணீரில் இறங்கினான். பதிவு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, கைச் சாடைதான் என்பது அவர்களுக்குள் சட்டம். இடுப்பளவு தண்ணீரில் சீனு கையைத் தூக்கினான். கேன் எடுத்தாகிவிட்டது, எல்லாம் சரி என்று சொல்கிறான் என எண்ணி இவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அது தப்பு என்றால், அந்தத் தப்பை நான் மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன்.

"அப்பால கூப்ட்டான்," என்றான். "மச்சான், காலு நிக்கலன்னு கூப்ட்டான். ஹெட்போன்ல நல்லா கேட்டுச்சு. ரெக்கார்டிங் அவ்ளோ அருமையா போய்கினு இருந்துச்சு பிரபா. கத்துனா கெட்டுடும், அவனே வந்துருவான்னு நெனச்சேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் கூப்டல."

சீனு கூப்பிட்ட பகுதியை வெட்டிவிட்டு, அதற்கு முந்தைய நான்கு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டானாம். அதில் சீனுவின் மூச்சுகூடக் கிடையாது, புறா எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியாது என்று சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தான். அதை நான் நம்பினேன். எனக்கு வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்காக. என் தம்பி செத்துக்கொண்டிருந்த விடியற்காலையை இவன் காது காதாக மாட்டி, எந்த ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது பாருங்கள் என்று விற்றிருக்கிறான். அந்தக் கையால் எனக்குத் தாலி கட்ட இருந்தான்.

முழுப் பதிவைக் கேட்டு வாங்கினேன். மறுநாளே காவல் நிலையத்தில் கொடுத்தேன். கல்யாணம் நின்றது. அவன் 'அலை'யை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டான்.

தை நான்காம் நாள் சிநேகா என்ற அந்த மாணவி என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். ஆனந்தன் அண்ணன் இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை, போனும் எடுக்கவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றாள். எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அவன் வண்டி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாறைக் கரையில் நிற்பதாகப் போலீசார் காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

அவள் தயங்கினாள்.

"இன்னொன்னு கேக்கணும் அக்கா. அந்த 'அலை' என் பென்டிரைவ்ல கீது. ஆடி மாசமே காப்பி பண்ணி வச்சது, அதுக்கப்புறம் யாரும் தொடல. நேத்து போட்டுப் பாத்தேன். இப்போ அதுல புறா கேக்கல."

"இன்னா கேக்குது?"

"வேற ஆளு. பிரபா, பிரபான்னு கத்துறாங்க. அதுக்கு நல்ல ஹெட்போன்லாம் வேணாம் அக்கா. போன்லயே கேக்குது."