மேலே இருப்பதெல்லாம் வீட்டோடு

வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இன்னமும் வேண்டுமா? அமெரிக்காவின் டுலூத் ஊரில் வீடு விற்றுக் கொடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மார்லீன் ஹால்வர்சன் வேண்டும் கட்சி. அவளோடு ஒரே அலுவலகத்தில் இருந்த டஸ்டின் வேண்டாம் கட்சி. அன்றைக்கும் அந்தச் சண்டையோடுதான், ஏரியைப் பார்த்த மேட்டுத் தெருவில், அந்தப் பழைய மாடி வீட்டின் முன்னால் இருவரும் காரை விட்டு இறங்கினார்கள்.

"படம் நெட்ல இருக்கு, வீடியோ இருக்கு. வாங்குறவன் சோஃபால படுத்துக்கிட்டே வீட்டைச் சுத்திப் பாத்துடுறான். இங்க வர்றது யாரு? தன் வீடு என்ன விலை போகும்னு மோப்பம் பிடிக்க வர்ற பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் ஓசி குக்கீ திங்க ரெண்டு பேரு" என்றான் டஸ்டின், அறிவிப்புப் பலகையைப் புல்லில் குத்திக்கொண்டே.

"ஓசி குக்கீ திங்க வந்தவன்தான்டா போன வருஷம் அந்த மஞ்ச வீட்டை வாங்கினான்."

"யாரு எவருன்னே தெரியாம கதவைத் திறந்து வைக்கிறோம், மார்லீன். எனக்கு அதுதான் பிடிக்கல."

"பயந்தாங்கொள்ளி! வீடுன்னா காலால நடந்து பாக்கணும், மூக்கால மோந்து பாக்கணும். போ, குக்கீக்கு அடுப்பை மூட்டு."

கெட்டிக்காரிதான் மார்லீன். ஆனால் அவளுக்கு வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். யார் எது கேட்டாலும் முதலில் ஆமாம், பிறகுதான் யோசனை. அந்த ஆமாமை வைத்தே எத்தனையோ வீடுகளை விற்றிருக்கிறாள், அதனால் அதை ஒரு குறையாகவே அவள் நினைத்ததில்லை.

வீட்டுக்காரி எரிக்கா மகளுக்குக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் நேட்டுக்கு மினியாபொலிஸில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே போவதற்குள் இந்த வீடு விற்றுப் போனால்தான் நிம்மதி. ஐந்து வயது ஜூனிக்கு அதெல்லாம் புரியவில்லை.

"என் ரூமையும் வித்துடுவீங்களா?" என்று மார்லீனிடம் கேட்டது குழந்தை.

"ரூமைத்தான்டி செல்லம் விக்கிறோம். உன்னையா விக்கப்போறோம்?" என்று கன்னத்தைக் கிள்ளினாள் மார்லீன். நேட் நாயைக் காரில் ஏற்றினான். மாலை வரைக்கும் எங்கேயாவது சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மழையும் இல்லை, பனியும் இல்லை. காய்ந்த நவம்பர் வெயில். அடுப்பில் குக்கீ வேகும் வாசனை வீடு முழுக்கப் பரவியது. வந்தவர்கள் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள். டஸ்டின் கதவருகே நின்று வரவேற்றான். எதிர்பார்த்த மாதிரியே முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு குக்கீயைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, சமையலறை ரொம்பச் சின்னது என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வயதான ஒரு தம்பதி வந்தார்கள். பார்த்த உடனே மார்லீனுக்கு மூக்கு வியர்த்தது. வாங்குகிற முகம் அவளுக்குத் தெரியும்.

"இந்த ஃப்ரிட்ஜ் வீட்டோட வருமா?" என்று கேட்டார் பெரியவர்.

"வரும்!"

"கீழ வாஷிங் மெஷின்?"

"அதுவும் வரும்!"

குக்கீத் தட்டை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள் மார்லீன். அப்போது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரத்த, மரியாதையான குரல்.

"மேல, இந்தச் சின்ன ரூம்ல எப்பவும் இருக்கிறதுங்க?"

திரைச்சீலையைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் மார்லீன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல இருக்கிறதெல்லாம் வீட்டோடதாங்க!" என்று கத்தினாள்.

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம!"

பெரியவர் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள்.

"நல்லது" என்றது மேலே இருந்த குரல்.

தம்பதி நாளைக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் வந்தவர்களின் காலணி எதுவும் மிச்சமில்லை. டஸ்டின் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தான். மார்லீன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள், சட்டென்று குழாயை மூடினாள்.

"மாடியில இருந்த அம்மா எப்ப போனாங்க?"

"எந்த அம்மா?"

"மேல இருந்து கேட்டாங்களே, வீட்டோட வருமான்னு."

டஸ்டின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மேல யாரும் போகலியே. நான் கதவை விட்டு நகரவே இல்ல. நீங்க யார்கிட்டயோ கத்துனீங்க, நான் போன்ல பேசுறீங்கன்னுல்ல நினைச்சேன்."

"விளையாடாதடா."

"சத்தியமா."

குக்கீ வாசனை போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் வேறொரு வாடை இருந்தது. ஏரித் தண்ணீரில் வெகுநாள் ஊறிய கம்பளியின் வாடை. மார்லீன் மாடிப்படிக்கு வந்தாள்.

படிகளில் ஈரம்.

வெறுங்காலின் தடம். மெலிந்த, நீண்ட பாதம். ஒவ்வொரு படியிலும் ஒன்று. தடம் நேராக மேலே ஏறி, நடைவழியில் திரும்பி, ஜூனியின் அறைக்குள் போயிருந்தது. மார்லீன் சுவரைப் பிடித்துக்கொண்டே அதன் ஓரமாக நடந்தாள். அறைக்குள் குளிர் எலும்பில் இறங்கியது. குழந்தையின் சின்னக் கட்டிலில், போர்வையின் நடுவே, யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது.

உள்ளே போன தடம் இருந்தது.

திரும்பி வந்த தடம் இல்லை.

"போலீஸைக் கூப்பிடலாமா?" என்று கிசுகிசுத்தான் அறை வாசலில் நின்ற டஸ்டின்.

"என்னன்னு சொல்லுவ? ஈரக் கால்தடத்தைப் பாத்தோம்னா?" மார்லீன் கட்டிலை விட்டு விலகினாள். "துண்டை எடு. துடைச்சுடலாம். வீட்டுக்காரங்ககிட்ட மூச்சு விடாத, பயந்துடுவாங்க."

துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கக் கம்பளத்தில் ஈரம் ஊறிக்கொண்டே வந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கார் வந்து நின்றது. நாய் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டது. ஜூனி மட்டும் தடதடவென்று மாடிக்கு ஓடியது. மார்லீன் தடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் குழந்தை போய்விட்டது.

மேலே குழந்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. ஒரு கேள்வி, கொஞ்சம் மௌனம், ஒரு சிரிப்பு.

"பொம்மைகூடப் பேசுறா. எப்பவும் இப்படித்தான்" என்றாள் எரிக்கா.

"ஜூனி! பீட்சா சாப்பிடப் போறோம், வா!" என்று நேட் கூப்பிட்டான்.

ஜூனி இறங்கி வந்தாள். முடி நுனியில் ஈரம் சொட்டியது. வாசல் மிதியடி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"வா கண்ணு."

"என்னால வர முடியாதும்மா."

"ஏன்?"

"நான் வீட்டோட வர்றேனாம்."

நேட் சிரித்தான். குழந்தையை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

அவன் வெளியே நின்றிருந்தான். கை வெறுமையாக இருந்தது.

ஜூனி உள்ளே, மிதியடி மேல், முன்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

எரிக்காவின் கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். நேட் மறுபடி தூக்கினான். மறுபடியும் அதே. பின்கதவு வழியாக ஓடினான். அங்கேயும் அதேதான். எரிக்கா குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கோட்டுக்குள் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் முடி இன்னும் கொஞ்சம் நனைந்தது. உதடு நீலம் பாரித்தது. இருமியபோது வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"யாருடி உனக்கு இப்படிச் சொன்னது?" என்று அழுதாள் எரிக்கா.

"மேல ஒரு லேடி இருக்காங்க. மார்லீன்தான் என்னைக் குடுத்துட்டாங்களாம்."

எல்லோரும் மார்லீனைப் பார்த்தார்கள்.

மேலே இருக்கிறதெல்லாம் வீட்டோடதாங்க. ஒண்ணு விடாம. தன் குரலே காதுக்குள் கேட்டது. ஐயோ, இந்தப் பாழாய்ப்போன வாய்! மார்லீனால் எரிக்காவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவள் திரும்பி மாடி ஏறினாள். டஸ்டின் அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டாள்.

அறையில் விளக்கு எரியவில்லை. கட்டில் இருந்த பக்கம் இருட்டு சற்று கெட்டியாக இருந்தது. சொட்டு, சொட்டு என்று தரையில் தண்ணீர் விழும் சத்தம். மார்லீன் வீடு விற்கும் குரலைத் தேடி எடுத்தாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்து போச்சு. பேச்சுவாக்குல சொல்லிட்டேன். இந்தத் தொழில்ல எழுத்துல இல்லாதது எதுவும் செல்லாது."

சொட்டு. சொட்டு.

"நான் கேட்டேன். நீங்க சொன்னீங்க" என்றது குரல்.

"பாக்காமச் சொல்லிட்டேங்க."

"கதவு திறந்திருந்துச்சு. உள்ள வந்து பாக்கலாம்னு பலகை இருந்துச்சு. ரொம்ப நாளாவே தெருத்தெருவா நடக்குறேன், எல்லா வீட்லயும் கதவைச் சாத்தியே வச்சிருக்காங்க. இங்கதான் வான்னு சொன்னாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

கோபமே இல்லாத குரல். அதுதான் மார்லீனை உலுக்கியது. திட்டினால் திட்டலாம், மிரட்டினால் மல்லுக்கு நிற்கலாம். இது பிடித்த வீட்டை வாங்க வந்தவளின் குரல். இந்த மாதிரி ஆட்களோடுதான் அவள் காலம் முழுக்கப் பேரம் பேசியிருக்கிறாள். விட்டுக்கொடுக்காதவர்களிடம் வேறொன்றைக் காட்டித்தான் பேச்சை முடிக்க வேண்டும்.

"குழந்தையை விட்டுடுங்க. அது போகட்டும். அதுக்குப் பதிலா இந்த வீட்ல வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்க."

சொட்டுச் சத்தம் நின்றது.

"இந்த வீட்டுக்குள்ள இருக்கிற வேற எதுவா இருந்தாலுமா?"

ஆமாம் என்று வாய் திறந்தது. பாதியில் நின்றது. அந்த ஒரு பதிலை மட்டும் மார்லீன் யோசித்தாள்.

ஃப்ரிட்ஜைக் கேட்கவில்லை இவள். வாஷிங் மெஷினைக் கேட்கவில்லை. கட்டில் பக்கத்து இருட்டு மெல்ல எழுந்து தன்னை நோக்கித் திரும்புவதை மார்லீன் உணர்ந்தாள். அடுப்பை அணைத்தேனா என்று, சம்பந்தமே இல்லாமல், ஒரு நினைப்பு வந்து போனது. ஓடிவிடலாம். படி பக்கத்திலேயே இருந்தது. கீழே ஜூனி இருமினாள். அதற்குமேல் இருமக்கூடத் தெம்பில்லாத மாதிரி அந்த இருமல் பாதியில் அடங்கியது. எரிக்கா, மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் மார்லீன்.

கீழே சின்னக் கால்கள் வாசற்படியில் தபதபவென்று இறங்கி ஓடின. நாய் குரைத்தது. நேட் என்னவோ கத்தினான். எரிக்கா அழுகையும் சிரிப்புமாக ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்லீன் சுவரில் சாய்ந்து நின்று அதை முழுக்கக் கேட்டாள். பிறகுதான் படியிறங்கினாள்.

"மார்லீன்! வெளிய வந்துட்டா! வாங்க, போயிடலாம்!" புல்தரையிலிருந்து டஸ்டின் கையை ஆட்டினான்.

அவள் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். கல்லின் குளிர் உள்ளங்காலில் பட்டது. அடுத்த கணம் மிதியடி மேல் நின்றிருந்தாள்.

டஸ்டின் ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவன் விரல்கள் வெறுங்காற்றில் மூடிக்கொண்டன. அவன் முகம் சுருங்கியது.

"என்ன பண்ணீங்க? மேல போய் என்ன சொன்னீங்க?"

"வித்துட்டேன்டா" என்றாள் மார்லீன். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போ. திரும்பிப் பாக்காதே."

"ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். யாரையாவது, பாதிரியாரையாவது..."

"யாரையும் கூட்டிட்டு வராதே. இந்த வாசலுக்கு யாரும் வரக்கூடாது. நீ சொன்னதுதான்டா சரி." அவள் காலர் நனைந்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. "கதவைச் சாத்து, டஸ்டின்."

அவன் அசையவில்லை. கண்ணீர் கொட்டியது அவனுக்கு.

"சாத்துன்னு சொல்றேன்ல!"

கதவு மூடியது. கார்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டை விட்டு இறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. மார்லீன் இருட்டில், மிதியடி மேலேயே நின்றாள். அழ வேண்டும் போலிருந்தது. தொண்டைக்குள் தண்ணீர் நின்றது.

மாடியில் விளக்கு எரிந்தது.

"மேல வாங்க" என்றது குரல், வந்தவர்களை வரவேற்கிற மரியாதையோடு. "உங்க ரூமைக் காட்டுறேன்."