பாப்பாவின் ஏரிக்கரை

அன்று மாலை தங்கை பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குள் நுழைந்தாள். தேர்வு நெருங்கினாலே அவளுக்கு மூச்சு முட்டும், சோறு இறங்காது. அவளைப் போன்ற மாணவர்களுக்காகத்தான் பல்கலைக்கழகம் அந்த வி.ஆர். கண்ணாடியை வாங்கி வைத்திருந்தது. மாட்டிக்கொண்டால் கண்முன்னே ஓர் ஏரிக்கரை விரியும், காதில் அலைச் சத்தம் கேட்கும், மனம் மெல்ல அடங்கும். கருவியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள் அவளுடைய அக்கா.

கண்ணாடியைக் கழற்றியபோது தங்கையின் முகம் தெளிந்திருந்தது.

"அக்கா, கரையில அம்மா இருந்தாங்க. என் தலையைக் கோதி விட்டாங்க."

அம்மா போன வருடமே இறந்துவிட்டாள். அந்தக் காட்சியில் மனிதர்களே கிடையாது. ஆனாலும் அக்காவுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, வயிற்றெரிச்சல். தங்கையை 'பாப்பா' என்றுதான் அம்மா கூப்பிடுவாள்; உயிரோடு இருந்தபோதும் அவளுக்கு எல்லாமே பாப்பாதான். பெரியவள் காய்ச்சலில் கிடந்தால்கூட எட்டிப் பார்க்க நேரம் இருக்காது. செத்த பிறகுமா?

தங்கை போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தானே மாட்டிக்கொண்டாள். ஏரி இருந்தது. அம்மா இல்லை. மறுநாளும் இல்லை.

அதற்கடுத்த நாள் தங்கையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலைச் சத்தம் நின்றது.

பின்னால் கூழாங்கற்கள் நெரிந்தன. ஈர மண் வாசனை வந்தது. கண்ணாடிக்குள் வாசனை ஏது?

"பாப்பாவா?"

"ஆமாம்மா."

குளிர்ந்த விரல்கள் கூந்தலுக்குள் நுழைந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரல்கள் மெல்ல முன்னால் வந்து நெற்றியையும் மூக்கையும் தடவிப் பார்த்தன.

நின்றன.

"நீ பெரியவ."

அந்தக் கை முடியைக் கொத்தாகப் பற்றி இழுத்தது. அலறிக்கொண்டே கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். அறையில் யாரும் இல்லை. உச்சந்தலை விண்விண்ணென்று வலித்தது. பயத்தையும் மீறி ஆத்திரம் பொங்கியது. எனக்கில்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று ஏரிக்காட்சியையே கருவியிலிருந்து அழித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கை மேசையில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏரிக்காட்சி அழிஞ்சு போச்சுடி. இனிமே பார்க்க முடியாது."

"பரவாயில்லக்கா," என்றாள் தங்கை, திரும்பாமலே. "அம்மாதான் இங்கேயே வந்துட்டாங்களே."

அவளுடைய இரண்டு கைகளும் புத்தகத்தின் மேல் இருந்தன. முதுகில் விரிந்து கிடந்த கூந்தல் மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, நிதானமாகப் பின்னிக்கொண்டே கீழே இறங்கியது.

அக்கா ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா... எனக்கும்."

பின்னல் பாதியில் நின்றது.

காதோரம் ஈரக் காற்று பட்டது.

"தள்ளிப் போடி."