துவைக்காத சட்டை

திருவொற்றியூர்க் கடலோரத்தில் புதிதாகப் போட்ட நடைபாதைக்கு வருகிறவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. பலூன் சுடலாம். சிமென்ட் சுறாவின் வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். கையால் சுற்றும் ராட்டினத்தில் ஏறிக் கத்தலாம். வஞ்சிரம் என்று எழுதிவைத்த கடையில் வேறு ஏதோ ஒரு மீனை வறுத்துத் தின்னலாம். யானைக்கவுனியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி காற்று வாங்கிவிட்டுப் போகிறார்கள். காற்றில் சாம்பலும் கலந்து வருவதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

நடைபாதையின் வடக்குக் கோடியில், கருங்கல் கொட்டிய கரைக்கு மேலே, இரும்புக் கம்பத்தில் ஒரு பெரிய பைனாகுலர் இருக்கிறது. சீட்டு வாங்கினால் மூன்று நிமிடம் கப்பல் பார்க்கலாம். அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது நர்மதாவின் வேலை. நடைபாதைக்காக வீட்டை இழந்த குப்பத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்தபோது அவளுக்குக் கிடைத்தது இது. அவள் கொழுந்தன் நிதிஷுக்கு ராட்டினம்.

நிதிஷுக்கு அந்த வேலையை அவள் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கினாள். கார்த்திகைப் புயலில் அவள் புருஷன் வெற்றியின் படகு உடைந்தது. கூடப் போன மூன்று பேர் நீந்தி வந்துவிட்டார்கள். வெற்றி வரவில்லை, அவன் உடம்பும் வரவில்லை. நிதிஷ் இனிமேல் கடலில் கால் நனைக்கக் கூடாது என்று அன்றைக்கே தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு எட்டு வயசு. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அவள்தான். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் காத்திருப்பார்கள். அப்புறம் வைக்கோலில் ஆள் கட்டுவார்கள். போனவன் கடைசியாக வீட்டில் கழற்றிப் போட்ட சட்டையை அதற்கு மாட்டி, கடலைப் பார்க்க மணலில் புதைப்பார்கள். சட்டையைத் துவைத்திருக்கக் கூடாது. அதிலிருக்கும் வேர்வைதான் அடையாளம். அதை வைத்துத்தான் கடல் தான் எடுத்த ஆள் இன்னாரென்று கண்டுகொண்டு, அவனைப் போக விடும் என்பது நம்பிக்கை.

புதன்கிழமை வெற்றிக்கு ஆள் கட்டினார்கள்.

நர்மதா அந்தச் சட்டையைக் கொடுக்கவில்லை.

நீலக் கட்டம் போட்ட சட்டை. மூன்று மாதமாக அவள் தலையணை உறைக்குள் இருந்தது. டீசலும் பீடியும் வேர்வையுமாக வெற்றியின் வாடை அதில் அப்படியே நின்றது. அதில் முகம் புதைத்தால்தான் அவளுக்குத் தூக்கம். அவளை "நரி" என்று கூப்பிடுவான் வெற்றி, அதுவும் கதவைச் சாத்திய பிறகு, காதோடு. அந்த ஒரு சொல்லும் அந்தச் சட்டையும் மட்டும்தான் அவளுக்கென்று மிச்சம். மண்ணுக்குள் போட மனசு வரவில்லை. கொடியில் துவைக்காமல் கிடந்த பழுப்புச் சட்டையை எடுத்து நீட்டினாள். அதுவும் வெற்றிக்கு வாங்கியதுதான். மூன்று மாதமாக நிதிஷ் போட்டுத் திரிந்தான், அதனாலென்ன என்று நினைத்தாள். மாமியார் பவுனம்மாள் அழுத அழுகையில் சட்டையைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு நர்மதா வேலைக்கு வந்தாள். மாசி வெயில் கல்லைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர இன்னும் நேரமிருந்ததால், பக்கத்தில் சமோசா போடும் பதுருன்னிசா வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு பைனாகுலரில் கண்ணை வைத்தாள். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை எண்ணுவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"ஒம்போது கீது," என்றாள். "அதுங்களுக்கு நடுவுல இன்னாத்துக்கு ஒரு சின்ன போட்டு? ஒருத்தன் சட்டை இல்லாம நின்னுகினு கீறான்."

நர்மதா பார்த்தாள்.

வெள்ளைப் படகு, பச்சைக் கோடு. முகப்பில் சிவப்பு எழுத்தில் "பவுனம்மாள் துணை". அந்தப் படகின் பலகைகள் கார்த்திகையிலேயே காசிமேட்டில் துண்டு துண்டாக ஒதுங்கியிருந்தன. அதில் பாதியை அடுப்பெரித்தாகிவிட்டது. இப்போது அது முழுசாக நின்றது. அலை ஏறி இறங்கியது, படகு மட்டும் அசையவில்லை. வெற்று மார்போடு ஒருவன் கரையைப் பார்த்து நின்றான். அந்த அகலத் தோளை அவளுக்குத் தெரியாதா.

கண்ணை எடுத்தாள். கப்பல்களும் வெறும் தண்ணீரும்தான் இருந்தன.

சொன்னால் வெட்கம், அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை படகு பாதி தூரம் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் நிதிஷுக்கு டீ கொண்டுபோனாள். மூன்று மணி நேரமாக ராட்டினத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான் அவன். பெட்டிகளில் உட்கார்ந்திருந்தவர்களே வேர்த்து வழிந்தார்கள். அவன் முகம் மட்டும் காய்ந்த பலகையாக இருந்தது. நெற்றியைத் தொட்டாள். நண்டு விற்கும் கூடையின் அடிப்பக்கம்போல் சில்லென்று இருந்தது.

"இன்னாடா, வேர்க்கவே இல்ல?"

"ரெண்டு நாளா இப்டித்தான் கீது அண்ணி. இன்னா வேலை செஞ்சாலும் ஒரு சொட்டு வரல." சிரித்தான். "நல்லதுதான், சட்டை தோய்க்கத் தேவையில்ல."

"ஜொரமா?"

"ஒண்ணியும் இல்ல. இந்த போனுதான் பேஜாரு பண்ணுது. மூஞ்சிய காட்டினா தொறக்கும்ல? இப்ப யாரோன்ற மாதிரி முயிக்குது."

சனிக்கிழமை காலையில் அவன் படுத்தெழுந்த பாய் ஈரமாக இருந்தது. நர்மதா விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். கடல் தண்ணீர். குப்பத்து நாய்கள் அவன் வருவது தெரியாமல் அவன் காலிலேயே மோதிக்கொண்டன. ராட்டினத்துக்கு வந்தவர்கள் அவன் முன்னாலேயே நின்று, ஆள் எங்கே என்று கேட்டார்கள்.

அன்றைக்குப் படகு இன்னும் கிட்டத்தில் இருந்தது. வெற்றியின் முகம் தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழுப்புச் சட்டை நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவுனம்மாளின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பவுனம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நர்மதா தாங்கியிருப்பாள்.

"அந்த பழுப்பு சட்டையில யாரு வேர்வை இருந்துச்சி?"

"நிதிஷோடது."

"அப்ப கடலு அவனத்தான் கேக்கும்." கிழவியின் குரல் எழும்பவில்லை. "போ. தோண்டி எடு. அந்த வைக்கோல ஒத்த இழை வுடாம பிரிச்சி தண்ணியில வுடு. புதுசா ஆளு கட்டி, என் பெரியவன் சட்டைய அதுக்கு மாட்டு. பழசைப் பிரிக்காம மட்டும் வுட்டுடாத. உள்ள பூந்த உசுரு உள்ளயே நின்னுடும்."

"நீ வரலியா அத்த?"

"நான் போயி சின்னவன் கைய புடிச்சிகினு குந்துறேன். புள்ள பக்கத்துல ஆள் ஓணும்."

நர்மதா ஒரு கட்டு வைக்கோலையும் தலையணை உறையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதையில் அலைமோதியது. சுறாவின் வாயில் ஒரு மணமகன் தலையை விட்டிருந்தான். அவள் கருங்கற்களில் இறங்கி, அப்பால் ஆளைப் புதைத்திருந்த சின்ன மணல் திட்டுக்குப் போனாள். மேலே பாட்டும் சிரிப்பும் கேட்டன. கீழே அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் சட்டை தட்டுப்பட்டது.

ஈரமாக இருந்தது.

கடல் தண்ணீரின் ஈரம் என்று நினைத்துத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். சூடு. ஓடியாடி வந்தவன் முதுகில் கை வைத்தாற்போல் சூடு. நிதிஷ் பூசிக்கொள்ளும் பவுடர் வாசனை மணலுக்குள்ளிருந்து வந்தது. அவனிடமிருந்து நாலு நாளாக வராத வேர்வை அத்தனையும் இங்கே ஊறிக்கொண்டிருந்தது.

வைக்கோல் மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

"நிதிஷு," என்றாள் நர்மதா.

பழுப்புச் சட்டையை உருவி எறிந்தாள். உறைக்குள்ளிருந்து நீலக் கட்டச் சட்டையை எடுத்தாள். அங்கேதான் தவறு நடந்தது. ஒரே ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை என்று அதில் முகத்தைப் புதைத்தாள். டீசல், பீடி, அவன் கழுத்து. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. இடுப்பில் தண்ணீர் அடித்தபோதுதான் தலையை நிமிர்த்தினாள். கொண்டுவந்த புது வைக்கோலை அலை இழுத்துப் போய்விட்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் இறங்கி, பழைய ஆள் மிதக்கத் தொடங்கியிருந்தது.

பிரிக்க நேரமில்லை. புதிதாகக் கட்ட வைக்கோலில்லை. சட்டை மாறினால் போதும், சட்டைதானே அடையாளம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பழைய ஆளுக்கே நீலச் சட்டையை மாட்டினாள். அடுத்த அலை குழியை மூடியது. மணலும் வைக்கோலும் சட்டையுமாக அள்ளிக்கொண்டு போனது.

கல் மேல் விழுந்தடித்து ஏறி, பைனாகுலரில் நின்றவரைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள்.

படகு கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் நின்றவன் முதுகில் நீலக் கட்டம்.

"போய்ட்டு வாய்யா," என்றாள். தேம்பித் தேம்பி அழுதாள். அது துக்கம் பாதி, நிம்மதி பாதி.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினாள். நிதிஷ். நெற்றியில், கழுத்தில், மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட நின்றான். அவளுக்கு உயிர் வந்தது. புடவைத் தலைப்பை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

தலைப்பில் டீசல் வாடை அடித்தது.

அதோடு பீடி. நிதிஷ் பீடியைத் தொட்டதே இல்லை.

அவன் குனிந்து அவள் காதோடு சொன்னான்.

"இன்னாத்துக்கு அயுவுற, நரி?"

தூரத்தில், ராட்டினத்தடியில், பவுனம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் மகன் மணிக்கட்டைப் பிடித்திருந்த தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்மதா மறுபடி பைனாகுலரில் கண்ணை வைத்தாள். படகில் இருந்தவன் இப்போது கரைப் பக்கம் திரும்பியிருந்தான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அகலத் தோளுக்குத் தைத்த சட்டைக்குள் ஒல்லியான பையன். கையை வீசி வீசிக் கூப்பிட்டான். சத்தம் வரவில்லை. அவனுடைய எட்டு வயசிலிருந்து அவள் கேட்ட சொல், உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணி.

ஈரமான கை ஒன்று அவள் தோளுக்கு மேலாக நீண்டு கண்ணாடியின் மூடியைப் போட்டது.

"அங்க ஒண்ணியும் இல்ல. வூட்டுக்கு வா."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நர்மதா வேலைக்கு வந்தாள். ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றுகிறவனின் முதுகு வேர்வையில் பளபளத்தது. பதுருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கப்பல்களை எண்ணினாள்.

"இன்னிக்கும் ஒம்போதுதான். அந்த போட்டு இன்னும் போவல நர்மதா." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "வேற ஆளு. சின்னப் பையன். இவ்ளோ வெயில்ல பாவம், அவனுக்கு வேர்க்கவே இல்ல."