பெனட் டீச்சரின் வினாடி வினா

செல்போன் அலறியது.

அமெரிக்காவின் டுலூத் நகரமே பனிப்புயலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த காலை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பாடத்துக்கு விடுமுறை இல்லை. அவரவர் வீட்டிலிருந்து ஆன்லைனில் நடந்துகொண்டிருந்தது. முதல் வகுப்பை முடித்துவிட்டு, காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் வரலாற்று ஆசிரியை மார்னி ஹௌகன்.

"மார்னி... வெண்டல் பேசறேன். நம்ம இணையதளத்தைப் பார்த்தியா?"

"ஏன், என்னாச்சு?"

"பூட்டிட்டாங்க. ஒரு பாடம்கூடத் திறக்கலை. பூட்டினது யார் தெரியுமா? நீ."

"காலங்காத்தாலயே குடிச்சிருக்கியா?"

"உன் பாஸ்வேர்டைப் போட்டுத்தான் உள்ளே வந்திருக்காங்க. எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்கு மொத்தத்தையும் கை மாத்திவிட... இரு, காலிங் பெல் அடிக்குது."

கதவு திறக்கும் சத்தம்.

"அட, நீயா? இந்தப் பனியில எதுக்கு..."

தூரத்தில் புரியாத பேச்சு. திடீரென்று ஒரு கூச்சல். எதுவோ படிகளில் உருண்டு விழும் சத்தம்.

பிறகு... ஒன்றுமே இல்லை.

மார்னி போலீசைக் கூப்பிட்டாள். அவர்கள் போய்ப் பார்த்தபோது, கணக்கு ஆசிரியர் வெண்டல் தன் வீட்டு வாசலை ஒட்டி இறங்கும் நிலவறைப் படிக்கட்டின் அடியில் கழுத்து ஒடிந்து கிடந்தார். வாசலில் கால்தடம் ஏதாவது இருந்திருந்தாலும், அதைக் காற்று எப்போதோ துடைத்துவிட்டிருந்தது.

மத்தியானம் மார்னியின் வீட்டுக்கு வந்தார் துப்பறியும் அதிகாரி ஆர்லன் க்ராஸ். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு சோபாவில் உட்கார்ந்தார்.

"அந்தத் தளத்தைப் பத்திச் சொல்லுங்க மேடம்."

"பேரு 'எல்லோர் பலகை'. நான், வெண்டல், சயின்ஸ் எடுக்கிற ஜோலீன் பெனட், மூணு பேரும் சேர்ந்து கட்டினது சார். பாடம், பயிற்சி, வினாடி வினா விளையாட்டு எல்லாம் டீச்சருக்கும் பசங்களுக்கும் இலவசம். புத்தகம் வாங்க வழியில்லாத பள்ளிக்கூடங்க இதை நம்பித்தான் நடக்குது."

"பூட்டினது உங்க பாஸ்வேர்டு. வெண்டல் கடைசியாப் பேசினதும் உங்ககிட்ட. அந்த நேரத்துல நீங்க வீட்லதான் இருந்தீங்கன்னு யார் சொல்லுவா?"

"யாரும் இல்லை. தனியாத்தான் இருந்தேன்."

"செல்போனைக் காதுல வெச்சுக்கிட்டே அவர் வீட்டு வாசல்ல நின்னிருக்கலாமே?"

மார்னி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"ஜோலீனுக்கு. நான் ஆபரேஷனுக்குப் படுத்தப்போ அவகிட்ட மட்டும் சொன்னேன். ஆனா இன்னைக்குக் காலையில அவ ஆன்லைன் கிளாஸ்ல இருந்தா சார். அவளைச் சந்தேகப்பட்டா எனக்கு வாய் அழுகிடும்."

காலிங் பெல் அடித்தது. ஜோலீன்தான்! கையில் ஆவி பறக்கும் பாத்திரம்; பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல். டுலூத்தில் துக்கம் விசாரிக்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை.

மார்னியைக் கட்டிக்கொண்டு ஜோலீன் விசும்பினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு க்ராஸின் பக்கம் திரும்பினாள்.

"சார், சொல்லக்கூடாதுதான்... வெண்டல் மேல மார்னிக்கு ரொம்ப நாளாவே கோபம்."

மார்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி சொல்றே?"

"உண்மையைத்தானே சொல்லணும்? நீ ஏதோ ஆத்திரத்துல தள்ளிட்டே. வேணும்னு செஞ்சிருக்க மாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை?"

அடிப்பாவி! கட்டிக்கொண்ட கை இன்னும் சூடாகத் தோளில் இருக்கும்போதே கழுத்தில் கத்தியா?

க்ராஸ் ஜோலீனிடம் கேட்டார். "நீங்க வெண்டல் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பசங்களுக்கு வினாடி வினா நடத்திட்டிருந்தேன். புயல்ல நெட் இழுத்துச்சு, கேமராவை அணைச்சுட்டேன். ஆனா நாற்காலியை விட்டு அசையலை. பார்க்கறீங்களா?"

மார்னியின் லேப்டாப்பை இழுத்துத் தன் கணக்கைத் திறந்தாள்.

"தளத்தைப் பூட்டியாச்சே?" என்றார் க்ராஸ்.

"பாடங்களைத்தான் சார். விளையாட்டு ஓடுது."

திரையில் மூன்று படி மேடை. வண்ணக் காகிதம் பறக்க, ஜெயித்தவர்களின் பெயர்கள். விளையாட்டு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் கீழே இருந்தன. வெண்டலின் கூச்சல் கேட்ட நேரம் அவற்றின் நட்டநடுவில் விழுந்தது.

க்ராஸ் எழுந்தார். "மார்னி மேடம், கோட்டைப் போட்டுக்கோங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்."

மார்னி எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் இடம்: 'பனிக்கரடி'.

இரண்டாம் இடம்: 'டோனட்'.

முதல் இடம்: 'குறட்டை பெனட்'.

"ஜோலீன்..." மார்னி திரையைத் தொட்டுக் காட்டினாள். "உன்னையே கிண்டல் பண்ற இந்தப் பேரை எப்படி விட்டே?"

"எந்தப் பேரை?"

அப்போதுதான் ஜோலீன் அதைப் படித்தாள். முகம் வெளுத்தது.

மார்னி க்ராஸிடம் திரும்பினாள். "சார், பசங்க இஷ்டத்துக்குப் பேர் வெச்சுக்கிட்டு உள்ளே வருவாங்க. நாலு பேராவது வம்புக்குன்னே வருவாங்க. அதனால டீச்சருங்க எல்லாருமே முதல்ல பேர்களைப் பார்த்து, கன்னாபின்னான்னு இருக்கறதை வெளியே தள்ளிட்டுத்தான் ஆரம்பிப்போம். அந்த விதியைத் தளத்துல எழுதி வெச்சதே இவ. 'உருளை'ன்னு பேர் வெச்சவனைக்கூட வெளியே அனுப்பினவ."

"பாதியில பேரை மாத்தியிருப்பான்" என்றாள் ஜோலீன்.

"ஆரம்பிச்சப்புறம் மாத்த முடியாது. உனக்கே தெரியும்."

"டீச்சர் இல்லாம விளையாட்டு ஓடுமா?" என்றார் க்ராஸ்.

"ஓடும் சார். பசங்க வந்ததும் தானா ஆரம்பிச்சு, தானா முடியற மாதிரி ஒரு பொத்தான் இருக்கு. டீச்சருங்க அவசரத்துக்கு பாத்ரூம் போகணுமேன்னு இரக்கப்பட்டு அதைச் செஞ்சு குடுத்ததே வெண்டல்தான்."

"கொஞ்ச நேரம்... கிச்சனுக்குப் போனேன்" என்றாள் ஜோலீன்.

"இப்பதானே நாற்காலியை விட்டு அசையலைன்னீங்க?"

கேசரோல் ஆறிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஜோலீன் வெடித்தாள். "இலவசம், இலவசம்! ராத்திரி பகலா உழைச்சேன். எனக்கு என்ன கிடைச்சுது? நன்றின்னு கைகூப்பற பொம்மைப் படம்! அந்தக் கம்பெனி என்னைத் தலைமைப் பதவியில உட்கார வைக்கறேன்னுச்சு. வெண்டல் கண்டுபிடிப்பான்னு தெரியும். பேசிச் சரிக்கட்டத்தான் போனேன். போலீசுக்குப் போறேன்னான். தள்ளிட்டேன்..."

"பேசப் போறவ எதுக்குடி விளையாட்டைத் தானா ஓட விட்டுட்டுப் போனே?" மார்னிக்குக் கண்ணீர் பொங்கியது. "எதுக்கு என் பாஸ்வேர்டு? என்னைக் கம்பி எண்ண வைக்கத்தானே? மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி உன்னை நம்பிச் சொன்னேனேடி!"

ஜோலீன் தலையைக் குனிந்துகொண்டாள். கைவிலங்கு மாட்டியபோதும் நிமிரவில்லை.

அவளைக் காவலர்கள் வண்டியில் ஏற்றிய பிறகு, மார்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் பாஸ்வேர்டைப் போட்டாள். பூட்டு திறந்தது. பாடங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குத் திரும்பின. வெண்டலின் பின்னக் கணக்கு வந்தபோது அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த க்ராஸ் நிமிர்ந்தார்.

"மேடம், அந்த 'குறட்டை பெனட்' எந்தப் பிள்ளைன்னு தெரியுமா?"

"கண்டுபிடிச்சிடலாம். ஏன் சார், திட்டணுமா?"

"சேச்சே! பெரியவனானதும் எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பி வைங்க. குறட்டைன்னு ஒரே வார்த்தையில கேசை முடிச்சவன் அங்கே யாரும் இல்லை. குறட்டை விடறவங்கதான் நிறைய இருக்காங்க."