நுரைக்காத சிப்பிகள்

மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆறாம் வகுப்பு இசைவாணிக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தூத்துக்குடியில் கடலுயிர்களைப் பற்றிப் படிக்கும் பானுப்பிரியா சித்தி, அவளுக்காக ஆறு சிப்பிகளைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று சிப்பிகள் சுத்தமான கடல்நீரில்; மற்ற மூன்றும் மயில்துத்தம் என்ற செம்பு உப்பு துளியளவு கலந்த கடல்நீரில். சிப்பியின் ரத்த அணுக்களில் ஒரு நொதி இருக்கிறது. புண்ணுக்கு ஊற்றும் நுரை மருந்தை விட்டால் அது பொங்கும். செம்பு ஏறிய சிப்பியில் நுரை குறையும். அதுதான் சோதனை.

சித்தி ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள். செம்புச் சிப்பி சோம்பலாக நுரைத்தது. சுத்தமான சிப்பியும் அதே சோம்பல்!

பக்கத்து வீட்டு முனியராஜ் யோசனை சொன்னான். "சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விடு இசை. யாருக்குத் தெரியப்போவுது?"

"சிப்பிக்குத் தெரியும்லே!"

இசைவாணி சுத்தமான நீர்ச் சிப்பிகள் கிடந்த நீல டிரம்மை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, இதுல யாரு மாத்துனது?"

"நாந்தான்" என்றாள் அம்மா சண்முகத்தாய். "கிண்ணத்துல நெருக்கியடிச்சுக் கெடந்துச்சுக, பாவம். பட்டாசுக் கம்பெனியில சும்மா குடுத்த டிரம்மு. பாத்திரம் கழுவத் தண்ணி வைக்கிறதுதான? நாலு தரம் கழுவிட்டேன்."

இசைவாணி விளிம்பின் அடியில் நகத்தால் சுரண்டினாள். பச்சைப் பொருக்கு உதிர்ந்தது.

"நீல மத்தாப்புக்குப் போடுற செம்பு உப்பு" என்றாள் சித்தி மெதுவாக. "அக்கா, இந்த டிரம்முத் தண்ணியிலயா தட்டு கழுவுறீக?"

அம்மாவின் முகம் வாடிப்போனது. இசைவாணிக்குப் பாவமாக இருந்தது.

"அம்மா, கண்காட்சிக்கு இந்த டிரம்மையும் கொண்டுபோறேன். சிப்பிய இதுல யாரு வச்சதுன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் மேசையைச் சுற்றிக் கூட்டம். "என் சோதனை கெட்டுப்போச்சு. கெடுத்தது இந்த டிரம்தான்" என்று நடந்ததைச் சொன்னாள் இசைவாணி.

"யார் வீட்டு டிரம் இதும்மா?" என்று கேட்டார் ரத்தினசாமி சார்.

இசைவாணி குனிந்து சிப்பிகளை எண்ணத் தொடங்கினாள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எங்க வீட்டுதுதான் சார்! சிப்பிய எடம் மாத்துனதும் நாந்தான்!" என்றாள் சண்முகத்தாய்.

"எங்க வீட்லயும் ரெண்டு கெடக்கே!" என்று அலறினாள் முனியராஜின் அம்மா. அன்று மாலையே தெருவிலிருந்த பதினோரு டிரம்களும் கம்பெனி வாசலுக்குத் திரும்பிப் போயின.

இசைவாணிக்கு இரண்டாம் பரிசு. காகிதத்தைப் பிரித்தால் புத்தம்புது பிளாஸ்டிக் வாளி! அம்மா அதை மூன்று முறை முகர்ந்து பார்த்து, விளிம்பின் அடியில் நகத்தால் சுரண்டியும் பார்த்த பிறகுதான் தண்ணீர் பிடித்தாள்.